எந்த கணேசன்?

"இங்கே கணேசன் யாரு?"

கையில் டிரேயுடன் வந்த சிஸ்டர் கேட்டாள். அப்பா படுத்தபடியே ஸ்கூல் பையன் மாதிரி கையைத் தூக்கினார்.

இது நடந்தது 2023 டிசம்பரில். ஊர் பேர், ஆஸ்பத்திரி பேர் எல்லாம் வேண்டாம். வாசலில் பிள்ளையார், ரிசப்ஷனில் மீன் தொட்டி, சுவரில் கண்ணாடி ஃபிரேம் போட்டு ஆங்கிலத்தில் 'எங்கள் லட்சியம்', 'எங்கள் தொலைநோக்கு'. புரிந்திருக்குமே, அந்த மாதிரி ஒரு ஆஸ்பத்திரி. அப்பாவுக்கு ஹெர்னியா. மறுநாள் காலை ஆபரேஷன். ராத்திரி இரண்டே இட்லி, அப்புறம் பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது என்று உத்தரவு.

சிஸ்டர் சட்டைக் கையை மடித்துவிட்டாள். பஞ்சால் துடைத்தாள்.

அப்பா முப்பத்தாறு வருஷம் வங்கியில் கேஷ் கவுண்டரில் உட்கார்ந்தவர். யார் எதைக் கொடுத்தாலும் சரிபார்க்காமல் வாங்கமாட்டார். கல்யாண வீட்டுத் தாம்பூலப் பையில் இருக்கும் தேங்காயைக்கூட அங்கேயே ஆட்டிப் பார்ப்பார். அம்மாவுக்கு மானம் போகும்.

"என்ன ஊசிம்மா?"

"இன்சுலின்தான் சார். சாப்பாட்டுக்கு முன்னாடி."

"எனக்கு சுகரே கிடையாதேம்மா!"

ஊசி அந்தரத்தில் நின்றது.

"நீங்க டி. கணேசன்தானே?"

"நான் ஆர்."

டி. கணேசன் ஜன்னலோரக் கட்டிலில் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார்.

சிஸ்டருக்கு மிஞ்சிப்போனால் இருபத்திரண்டு வயசு இருக்கும். முகம் வெளுத்துவிட்டது. டிரே கிடுகிடுவென்று ஆடியது. பிறகு மெதுவாகச் சொன்னாள்: "சார், ப்ளீஸ்... யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

நான் விடுவேனா? "எங்கே உங்க மேனேஜர்?" என்று எழுந்துவிட்டேன். சர்க்கரை வியாதி இல்லாத மனுஷனுக்கு இன்சுலின் ஏறினால் என்ன ஆகும்? ரத்தத்தில் சர்க்கரை சரசரவென்று இறங்கும். வியர்க்கும், மயக்கம் வரும், அதற்கு மேலும் ஆகலாம். ராத்திரி பூரா பட்டினி கிடக்கிறவர் வேறு. பக்கத்தில் பாய் போட்டுப் படுத்திருக்கும் நானும், அப்பா நன்றாகத் தூங்குகிறார் என்றே நினைத்திருப்பேன்.

"உட்காருடா" என்றார் அப்பா. "அந்தப் பொண்ணு காலையில ஏழு மணிக்கு வந்தது. இப்ப மணி ஏழரை. கேஷ்ல ஷார்ட்டேஜ் வந்தா முதல்ல கவுண்டரைப் பார்க்கணும். கேஷியரை அப்புறம் பார்த்துக்கலாம்."

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆனால் எனக்கு அந்த 'சொல்லிடாதீங்க' மட்டும் காதை விட்டுப் போகவில்லை.

நான் பி.காம். மருத்துவம் பற்றி எழுத எனக்கு என்ன யோக்யதை என்று டாக்டர்கள் கேட்கலாம். நியாயம்தான். ஆனால் தப்புகளைப் பற்றி எங்களுக்குக் கொஞ்சம் தெரியும் சார். முதல் வருஷ அக்கவுன்டன்ஸியில் தப்புகளுக்கென்றே ஒரு பாடம் உண்டு. எழுதவேண்டியதை எழுதாமல் விட்டால் விடு பிழை. தப்பாக எழுதினால் செய் பிழை. இன்னொன்று, எனக்கு ரொம்பப் பிடித்தது, ஈடுசெய் பிழை. இந்தப் பக்கம் நூறு ரூபாய் தப்பு, அந்தப் பக்கமும் நூறு ரூபாய் தப்பு. இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு இருப்பாய்வு ஜம்மென்று டேலி ஆகிவிடும். டேலி ஆகாவிட்டாலும் கவலையில்லை. வித்தியாசத்தை அனாமத்துக் கணக்கில் தள்ளிவிட்டு காப்பி சாப்பிடப் போகலாம்.

ஆஸ்பத்திரியில் இந்த இரண்டு சௌகரியமும் கிடையாது. ஆர். கணேசனுக்குத் தப்பாகப் போட்ட ஊசியை, டி. கணேசனுக்குப் போடாமல் விட்ட ஊசி ஈடுசெய்யாது. இரண்டு பேருமே நஷ்டம்தான். அங்கே அனாமத்துக் கணக்கில் போவது மனிதர்கள்.

1999-ல் அமெரிக்காவின் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் ஒரு அறிக்கை வெளியிட்டது. அந்த நாட்டு ஆஸ்பத்திரிகளில் தடுத்திருக்கக்கூடிய தவறுகளால் வருஷத்துக்கு 44,000 முதல் 98,000 பேர் வரை இறக்கிறார்கள் என்று ஒரு கணிப்பு. இந்த எண்ணிக்கையை எப்படிப் போட்டார்கள் என்பதில் நிபுணர்களுக்குள் பெரிய சண்டை வந்தது. நமக்கு எண்ணிக்கையைவிட அறிக்கை சொன்ன காரணம் முக்கியம்: தப்பு நடப்பது பெரும்பாலும் மோசமான ஆட்களால் இல்லை, மோசமான ஏற்பாட்டால். எங்கப்பா சொன்ன கவுண்டர் - கேஷியர் விஷயமேதான். அப்பா இதைப் பென்ஷன் வாங்கிக்கொண்டு இலவசமாகச் சொன்னார்.

மான்செஸ்டர் பல்கலைக்கழகத்து மனோதத்துவப் பேராசிரியர் ஜேம்ஸ் ரீஸன் என்பவர் இதற்கு ஒரு படமே போட்டுக் காட்டினார். வரிசையாகச் சில சீஸ் துண்டுகள். ஒவ்வொன்றும் ஒரு பாதுகாப்பு. ஒவ்வொன்றிலும் ஓட்டை உண்டு. ஒன்றின் ஓட்டையை அடுத்த துண்டு மறைத்துவிடும். என்றைக்காவது எல்லா ஓட்டைகளும் ஒரே நேர்கோட்டில் வந்தால் விபத்து. நமக்கு சீஸ் எதற்கு, மெதுவடையை வைத்துக்கொள்ளுங்கள். என்ன, வடையில் ஓட்டை எப்போதும் நட்டநடுவில்தான் இருக்கும். நாலு வடையை நிறுத்திவைத்தால் அந்தப் பக்கம் நிற்கிறவர் முகம் தெரியும். நம்ம ஊர் நிலைமைக்கு சீஸைவிட வடைதான் பொருத்தம்!

சரி, ஓட்டையை அடைக்கத் திட்டம் போடுவது எப்படி? 'ஸ்ட்ராட்டஜிக் பிளானிங்' என்ற வார்த்தையைக் கேட்டாலே நமக்குத் தூக்கம் வரும். ஏதோ ஒரு ரிசார்ட்டில் இரண்டு நாள், பவர்பாயின்ட், நடுவில் கோபி மஞ்சூரியன், முடிவில் குரூப் போட்டோ. ஆபீஸ் போகிறவர்கள் எல்லோரும் அனுபவித்த சமாச்சாரம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், ஸியாட்டில் கதையைப் படிக்கும்வரை.

அமெரிக்காவின் ஸியாட்டில் நகரில் வர்ஜீனியா மேஸன் என்று ஒரு ஆஸ்பத்திரி. 1920-ல் ஆரம்பித்தது. தொண்ணூறுகளின் கடைசியில் நஷ்டம் வந்தது. 2000-ல் கேரி கேப்லன் என்ற டாக்டர் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். 2001-ல் ஒரு திட்டம் போட்டார்கள். பிரமிடு மாதிரி ஒரு படம், உச்சியில் நோயாளி. இதில் என்ன அதிசயம், எல்லா ஆஸ்பத்திரியும் இதைத்தானே சொல்கிறது என்பீர்கள். சொல்வது வேறு. உச்சியில் நோயாளி என்றால், இதுவரை அங்கே உட்கார்ந்திருந்த டாக்டர் கீழே இறங்கவேண்டும்! டாக்டர்களுக்கும் நிர்வாகத்துக்கும் எழுத்தில் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். நீங்கள் இதைச் செய்யவேண்டும், நாங்கள் அதைச் செய்வோம் என்று. பிடிக்காத சில டாக்டர்கள் போய்விட்டார்கள்.

2002-ல் கேப்லனும் மேலதிகாரிகளும் மூட்டை கட்டிக்கொண்டு ஜப்பானுக்குப் போனார்கள். எந்த ஆஸ்பத்திரியைப் பார்க்க? ஆஸ்பத்திரியே இல்லை சார், டொயோட்டா கார் ஃபேக்டரியை! ஹிட்டாச்சியின் ஏ.ஸி. தயாரிப்புப் பிரிவில் போய் வரிசையில் நின்று வேலையும் பார்த்தார்கள். நோயாளி என்ன காரா என்று ஊரில் கிண்டல் நடந்தது.

அவர்களுக்குப் பாடம் எடுத்த ஜப்பானிய வாத்தியார் ஒருவர் ஆஸ்பத்திரி வரைபடத்தை விரித்து விசாரித்த கதை பிரசித்தம். இது என்ன இடம்? காத்திருக்கும் அறை. யார் காத்திருப்பார்கள்? நோயாளிகள். யாருக்காக? டாக்டருக்காக. இந்த இடம்? அதுவும் காத்திருக்கும் அறைதான். இதுவும், இதுவும். கடைசியில் வாத்தியார் கேட்டார்: உங்களுக்கு வெட்கமாக இல்லையா?

நம்ம ஊர் ஆஸ்பத்திரி வரைபடத்தைப் பார்த்தால் அந்த வாத்தியார் என்ன கேட்டிருப்பார் என்று யோசித்தேன். டோக்கன் நம்பர் 84 கையில் இருந்தது, யோசிக்க நேரம் நிறைய.

டொயோட்டாவில் அவர்கள் பார்த்த முக்கியமான சாமான் ஒரு கயிறு. கார் தயாராகும் வரிசைக்கு மேலே தொங்கும். ஏதாவது சரியில்லை என்று எந்தத் தொழிலாளிக்குப் பட்டாலும் இழுக்கலாம். மேற்பார்வையாளர் ஓடிவருவார். சரிசெய்ய முடியாவிட்டால் வரிசையே நிற்கும். இழுத்தவனுக்குத் திட்டு கிடையாது. வேலை கற்றுக்கொள்ள வந்த பையன் இழுத்தாலும் அதே மரியாதைதான்.

ஊர் திரும்பி இதை ஆஸ்பத்திரியில் மாட்டினார்கள். நிஜக் கயிறு இல்லை, போன். நர்ஸோ, மருந்து கொடுப்பவரோ, பெருக்குகிறவரோ, நோயாளிக்கு ஆபத்து என்று பட்டால் உடனே தகவல் சொல்லலாம். பொறுப்பானவர் வந்தாகவேண்டும். விஷயம் பெரிதென்றால் அந்த வேலையை நிறுத்திவிட்டு, காரணம் கண்டுபிடித்த பிறகுதான் மறுபடி தொடங்குவார்கள். கூடவே, சீர்திருத்தம் என்ற பெயரில் யாரையும் வேலையைவிட்டு அனுப்பமாட்டோம் என்ற உறுதியும் கொடுத்தார்கள். அது இல்லாவிட்டால் எவன் கயிற்றைத் தொடுவான்? ஆனாலும் ஆரம்பத்தில் போன் அவ்வளவாக அடிக்கவில்லை. 'சொல்லிடாதீங்க' வியாதி எல்லா ஊரிலும் உண்டு போலிருக்கிறது.

இங்கே கதை முடிந்திருந்தால் நானே நம்பியிருக்கமாட்டேன். 2004 நவம்பரில் அதே ஆஸ்பத்திரியில்தான் அந்தச் சம்பவம் நடந்தது.

மேரி மெக்ளின்டன் என்ற 69 வயது பெண்மணி. மூளை ரத்தக்குழாயில் வீக்கம். சிகிச்சையின்போது எக்ஸ்ரே படத்தில் குழாய் தெரிவதற்காக ஒரு திரவத்தை ஊசி வழியாகச் செலுத்தவேண்டும். மேஜையில் கிண்ணங்கள் இருந்தன. ஒன்றில் அந்தத் திரவம். இன்னொன்றில் தோலைத் துடைக்கும் குளோர்ஹெக்ஸிடின் கிருமிநாசினி. இரண்டும் தண்ணீர் மாதிரி நிறமில்லாதவை. கிண்ணங்களில் லேபிள் இல்லை. ஊசியில் ஏறியது கிருமிநாசினி.

இதில் மனசைப் பிசைகிற விஷயம் ஒன்று உண்டு. முன்பெல்லாம் அங்கே துடைக்கப் பயன்பட்டது பழுப்பு நிற அயோடின் கலவை. தூரத்திலிருந்து பார்த்தாலே தெரியும். அதைவிட இது நல்ல கிருமிநாசினி என்றுதான் நிறமில்லாததற்கு மாறியிருந்தார்கள். அயோடினின் பழுப்பு நிறம் அத்தனை காலம் சத்தமில்லாமல் ஒரு லேபிள் வேலையையும் பார்த்துக்கொண்டிருந்தது. தரத்தைக் கூட்டப்போய், யாருமே கணக்கில் வைக்காத ஒரு பாதுகாப்பு கழன்று விழுந்துவிட்டது. வடையில் புது ஓட்டை!

மேரி சில வாரங்களில் இறந்துபோனார்.

நம்ம ஊராக இருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எழுதத் தேவையில்லை. அவ்வளவு ஏன், அமெரிக்காவிலும் வழக்கமாக நடப்பது வக்கீலைக் கூப்பிட்டு வாயை மூடிக்கொள்வதுதான். வர்ஜீனியா மேஸன் பகிரங்கமாக ஒப்புக்கொண்டது. தப்பு எங்களுடையது, எப்படி நடந்தது என்றால் இப்படி, மன்னியுங்கள் என்று ஊருக்கே சொன்னது.

அதற்குப் பிறகு செய்ததுதான் உண்மையான திட்டம் என்பேன். ஆஸ்பத்திரியின் வருடாந்திரக் குறிக்கோள்கள் எல்லாவற்றையும் ஓரம்கட்டிவிட்டு ஒன்றே ஒன்றை மட்டும் வைத்தார்கள்: தடுக்கக்கூடிய மரணமோ காயமோ இங்கே யாருக்கும் நேரக்கூடாது. வருமானம், புதுக் கட்டடம், புது மெஷின் எல்லாம் அதற்கு அப்புறம். ஒரு கம்பெனியின் திட்டத்தில் இருபத்திரண்டு 'முதன்மைக் குறிக்கோள்' இருந்தால் ஒன்றுகூட முதன்மை இல்லை என்று அர்த்தம். எங்கள் பழைய ஆபீஸில் இருபத்தாறு இருந்தது.

பாதுகாப்பில் சிறந்த வேலை செய்யும் குழுவுக்கு வருடாவருடம் ஒரு பரிசு கொடுக்க ஆரம்பித்தார்கள். அதற்கு வைத்த பெயர், மேரி மெக்ளின்டன். தங்கள் தப்பால் இறந்தவர் பெயரைத் தாங்களே வருஷா வருஷம் மைக்கில் சொல்வதற்குத் தனி நெஞ்சுரம் வேண்டும். எச்சரிக்கை போன்கள் பெருகின. கூடவே, வழக்குகளுக்காக ஆஸ்பத்திரி கட்டும் இன்ஷூரன்ஸ் பிரீமியம் வருடங்கள் போகப்போக நிறையவே இறங்கியது. பி.காம். புத்திக்கு இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2010-ல் லீப்ஃப்ராக் என்ற அமைப்பு, பத்தாண்டின் தலைசிறந்த ஆஸ்பத்திரிகள் என்று அறிவித்த இரண்டில் இது ஒன்று.

கிரீடம் வைத்தாயிற்று. அப்புறம்? 2016-ல் சொல்லாமல் கொள்ளாமல் வந்த அங்கீகாரச் சோதனையில் பல குறைகள் அகப்பட்டு, அங்கீகாரமே மறுக்கப்படும் நிலைக்குப் போனது. ஓடியாடிச் சரிசெய்து மறுபடி வாங்கினார்கள். ஆடிட்டர் என்பவர் காவல் நாய்தான், வேட்டை நாய் இல்லை என்று 1896-ல் இங்கிலாந்தில் ஒரு தீர்ப்பு. எல்லா பி.காம். பரீட்சையிலும் வரும். இந்த இடத்தில் வேட்டை நாய் வந்தது நல்லதாகப் போயிற்று.

காகிதத்தில் திட்டம் இருப்பதும், கையில் இருப்பதும் வேறு வேறு என்பதற்கு இன்னொரு சாட்சி, செக்லிஸ்ட். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியின் பீட்டர் ப்ரோனவோஸ்ட் என்ற டாக்டர், தீவிர சிகிச்சைப் பிரிவில் பெரிய ரத்தக்குழாயில் டியூப் போடும்போது செய்யவேண்டியவை என்று ஐந்தே வரி எழுதினார். கையைக் கழுவு, தோலைத் துடை என்கிற ரகம். டாக்டர்களுக்குச் சிரிப்பு வந்திருக்கும். ஆனால் நர்ஸ்களைவிட்டு ஒரு மாசம் கவனித்ததில், மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட நோயாளிகளுக்கு ஏதாவது ஒரு வரி விட்டுப்போயிருந்தது. அடுத்து அவர் செய்ததுதான் முக்கியம். டாக்டர் ஒரு வரியை விட்டால் நிறுத்தச் சொல்லும் அதிகாரத்தை நர்ஸுக்கு வாங்கிக் கொடுத்தார். மிச்சிகன் மாநிலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இதைச் செய்துபார்த்து, 18 மாதங்களில் அந்த டியூப் தொற்று 66 சதவிகிதம் வரை குறைந்ததாக 2006-ல் வெளியிட்டார்கள்.

உலக சுகாதார நிறுவனம் ஆபரேஷனுக்கென்று 19 அம்சப் பட்டியல் போட்டது. புது தில்லி உட்பட 8 நகரங்களில் சோதித்தார்கள். ஆபரேஷனுக்குப் பின் மரணம் 1.5 சதவிகிதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்தது என்று 2009-ல் செய்தி. உலகமே கொண்டாடியது. கனடாவின் ஒன்டாரியோ மாநிலம் 101 ஆஸ்பத்திரிகளில் அதைக் கட்டாயமாக்கியது. 2014-ல் கணக்குப் பார்த்தால், சொல்லிக்கொள்ளும்படி மாற்றமே இல்லை! ஏன் என்று இன்னும் விவாதம் நடக்கிறது. எனக்குத் தோன்றுவது, மார்ச் 31-ம் தேதி நாம் எல்லோரும் ரெஜிஸ்டரில் மொத்தமாக டிக் அடிக்கிறோமே, அந்த வம்சம் கனடாவிலும் இருக்கவேண்டும்.

நம் நாட்டிலும் காகிதத்துக்குக் குறைவில்லை. தரச் சான்று கொடுக்க 2005-ல் என்.ஏ.பி.ஹெச். வந்தது. நோயாளிகள் பாதுகாப்புக்காக மத்திய சுகாதார அமைச்சகம் 2018 முதல் 2025 வரைக்கும் ஒரு தேசியத் திட்டம் போட்டது. உலக சுகாதார நிறுவனமோ 2007-லேயே சொல்லியிருக்கிறது: நோயாளியைக் குறைந்தது இரண்டு அடையாளங்களால் உறுதி செய்யுங்கள், பெயர், பிறந்த தேதி மாதிரி. அறை நம்பரை அடையாளமாக வைக்காதீர்கள். முக்கியமாக, நோயாளியிடம் 'நீங்கள் கணேசனா?' என்று கேட்காதீர்கள், 'உங்கள் பெயர் என்ன?' என்று கேளுங்கள் என்பது பாதுகாப்புப் பாடத்தின் அரிச்சுவடி. அரை மயக்கத்தில், காது மந்தத்தில், பயத்தில் இருக்கிறவர் எதற்கும் ஆமாம்தான் சொல்வார். அப்பா முழு நினைவோடு கையைத் தூக்கினாரே!

டிஸ்சார்ஜ் அன்று ஒரு ஃபாரம் கொடுத்தார்கள். உணவு எப்படி, பாத்ரூம் எப்படி, டி.வி. தெரிந்ததா, ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம். இன்சுலின் விஷயத்தை எழுத அதில் இடமில்லை. நான் ஃபாரத்தை வாங்கி அந்தப் பெண்ணின் பெயரை எழுதப் போனேன். அப்பா பிடுங்கிக்கொண்டார். ஓரத்தில், லெட்ஜரில் எழுதும் அதே பொடி எழுத்தில் எழுதினார்: 'ஒரே வார்டில் இரண்டு கணேசன்கள். இனிஷியல் மட்டும் வித்தியாசம். ஊசி போடுமுன் பெயரோடு பிறந்த தேதியும் கேட்க ஏற்பாடு செய்யவும். கேட்பவர்கள் மீது நடவடிக்கை வேண்டாம்.' கீழே முழுக் கையெழுத்து, தேதி.

இவ்வளவு பொடியாக எழுதினால் யார் படிப்பார்கள் என்றேன். பதில் வரவில்லை.

மூன்று வாரம் கழித்து டாக்டரிடம் காட்டப் போனோம். கவுண்டரில் புதிதாக ஒரு பெண். கம்ப்யூட்டரில் ஏற்கெனவே பெயர் இருந்திருக்கும், இருந்தும் கேட்டாள்.

"உங்க பேர் சொல்லுங்க சார்."

"ஆர். கணேசன்."

"பிறந்த தேதி?"

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். பார்வையில் ஒரு வெற்றி. பிறகு கவுண்டர் பக்கம் குனிந்து, ரகசியம் மாதிரிக் கேட்டார்:

"எதும்மா? ஒரிஜினலா, ஸ்கூல் சர்டிபிகேட்ல இருக்கிறதா?"